சங்கிலிமுத்துவுக்குப் போன ப்ரூஃப்

அன்று மொட்டை மாடியில் இருந்தவர்கள் இவர்கள்: தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து வெள்ளைத்துரை. அவருக்கு எதிரே, பாயில், அவருடைய அக்கா மகன் தருண்குமாரும் அவன் மனைவி ஆர்த்தியும். கைப்பிடிச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தாடையை வைத்தபடி வெள்ளைத்துரையின் நண்பர் ஜெயச்சந்திரன். மாடிப்படி முடிகிற இடத்தில், எல்லோருக்கும் சற்றுத் தள்ளி, வீட்டுக்காரர் அப்துல் ஹலீம்.

விருதுநகர் முழுக்கக் கரண்ட் இல்லை. எங்கோ ஒரு எண்ணெய் மில்லில் ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

தருண்குமார்தான் ஆரம்பித்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இன்டர்நெட்டில் அவனுக்கு ஒரு குழு இருக்கிறதாம். அந்தக் குழுவில் உள்ளவர்களின் வாழ்க்கையை அவர்களே சேர்ந்து எழுதப் போகிறார்களாம்.

“ஒருத்தர் கதைய மத்தவங்க எல்லாரும் சேந்து எழுதணும் மாமா. தன்னப் பத்தித் தானே எழுதக் கூடாது. அதான் ரூல்.”

வெள்ளைத்துரை சிரிக்கவில்லை. “அந்த ரூலு இங்கன முன்னமே இருந்துச்சுலே” என்றார். பிறகு படிப்பக்கம் திரும்பினார். “என்ன ஹலீமு... ஒம்ம மச்சான் கதையச் சொல்லிரவா?”

ஹலீம் தோள் துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

வெள்ளைத்துரை சொன்ன கதை இது.

*

உச்சி வெயில். விஸ்வநத்தத்திலிருந்து சிவகாசிக்கு வருகிற ரோடு. ஈ, காக்கா கிடையாது. வேலிக்கருவை கூட அசையவில்லை... தார் உருகி டயரில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும். ஹலீமின் மச்சான் ஹாமித் தன் மொபெட்டில் தனியாக வந்துகொண்டிருந்தார். சங்கிலிமுத்துவைப் புதைத்துவிட்டுத் திரும்புகிற வழி.

கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நெஞ்சு மட்டும் எரிந்தது. அது துக்கத்தில் எரியவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், தன்னிடம்கூட.

எம்புட்டுக் கூட்டம்! லாரி புக்கிங் ஆபீசில் லோடு எழுதிக்கொண்டிருந்த ஒரு மனுஷன். மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அவனுக்காக டிரைவர்கள் அழுகிறார்கள், டீக்கடைக்காரர் அழுகிறார், பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பஸ் பிடித்து வந்த மன்றத்து ஆட்கள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் ஹாமித்தைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டார்கள். மன்றத்தைத் தொடங்கி நடத்துகிற ஆளைப் பார்த்து!

மன்றம் என்றால் ‘மத்தாப்பு மன்றம்’. சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் பிறந்து, உலகமெங்கும் சிதறிக் கிடந்தவர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசுகிற இடம். ரெண்டாயிரத்து மூன்றில் ஹாமித் தொடங்கினார். அவருக்கு வீடு சிவகாசியில், வேலை அங்கேயே ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில். காலண்டருக்குப் பிழை திருத்துகிற கரெக்டர். பிரஸ் வழக்கம் ஒன்று உண்டு. அடிக்கப் போகிற தாளை முதலில் ப்ரூஃப், அதாவது மாதிரிப் படி, எடுத்து ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்கு அனுப்ப வேண்டும். பார்ட்டி படித்துப் பார்த்து, ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். சீசன் நேரமானாலும் சரி, முதலாளியே வந்து நின்றாலும் சரி.

அந்த வழக்கத்தை அப்படியே மன்றத்துக்குக் கொண்டுவந்தார் ஹாமித். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம். அவரைப் பற்றி மற்றவர்கள் தெரிந்ததை எழுதி அனுப்புவார்கள். ஹாமித் அதைக் கோத்து, பிழை திருத்தி, அச்சடித்து, தபாலில் அந்த ஆளுக்கே அனுப்புவார். உள்ளே தன் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய இன்னொரு கவர். ஓகே என்று கையெழுத்தாகித் திரும்பி வந்தால்தான் பக்கம் இன்டர்நெட்டில் ஏறும். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும்கூட அப்படித்தான். கேலி செய்தார்கள். அவர் விடவில்லை.

எல்லோருடைய பக்கத்துக்கும் அவர் உழைத்தார். துபாயில் இருந்த ஹாஃபிஸாவின் பக்கத்துக்காக, அந்தப் பெண் படித்த பள்ளிக்கூடத்துக்கே போய் வாத்தியாரம்மாவிடம் கேட்டு எழுதினார். ஆனால் அவருடைய பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘மன்றத்தின் நிர்வாகி. பிழையில்லாமல் எழுதுவார். கடிதத்துக்கு உடனே பதில் போடுவார்.’

கல்யாண வீட்டில் சமையல்காரருக்குச் சொல்கிற நன்றி மாதிரி.

சங்கிலிமுத்து கடைசியாகச் சேர்ந்தவர். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் டைப் அடிப்பார். வரிக்கு வரி பிழை. ஆனால் அவர் பக்கம் ப்ரூஃபுக்கே போகாமல் வளர்ந்துகொண்டே போனது. தன் கல்யாணத்தன்றைக்கே மண்டபம் மாறிப் போய், அங்கே மொய் எழுதி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, பிறகுதான் மணமகளைத் தேடினாராம். அந்தக் கதையை மட்டும் ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதி அனுப்பியிருந்தார்கள். கோத்துக் கொடுத்தது யார்? ஹாமித். ஒவ்வொரு வரியையும் திருத்தும்போது பல்லைக் கடித்துக்கொள்வார்.

இப்போது செத்த பிறகு கேட்கவா வேண்டும்... மடல் மேல் மடல். ‘அவர் எனக்கு ரத்தம் கொடுத்தார்’, ‘என் தங்கச்சிக்கு வரன் பார்த்தார்’. ஹாஃபிஸா மட்டும் ஒரு முழுத் தாளுக்கு எழுதியிருந்தாள். கடைசியில், ‘ஹாமித் பாய், சங்கிலி அண்ணன் பக்கத்தை இன்றைக்கே ஏற்றிவிடுங்கள்’ என்று ஒரு வரி.

அந்த வரியைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு பதில் போட்டார்.

‘உரியவர் கையெழுத்து வராமல் பக்கம் ஏறாது. விதி எல்லோருக்கும் ஒன்று.’

மன்றம் கொந்தளித்துவிட்டது. மனுஷன் செத்துப் போயிட்டாருய்யா, எங்கிருந்து கையெழுத்துப் போடுவாரு? ஹாமித் அசையவில்லை. சொன்னதற்கு அடையாளமாக ஒரு காரியமும் செய்தார். பக்கத்தை ப்ரூஃப் எடுத்தார். மண்டபம் மாறிய கதையை மட்டும் உருவிவிட்டார். மீதியைக் கவரில் போட்டு, ‘திரு. சங்கிலிமுத்து, விஸ்வநத்தம்’ என்று எழுதி அனுப்பிவைத்தார். ஆள் இல்லை என்று திரும்பி வரும். அதைக் காட்டி வாயை அடைத்துவிடலாம் என்று கணக்கு.

கவர் திரும்பி வந்தது.

அவர் விலாசம் எழுதி உள்ளே வைத்த கவர். மேலே ஒட்டிய ஸ்டாம்பில் தபால் முத்திரை இல்லை. பிரித்ததும் ஒரு வாசனை... மாலையில் கிடந்து காய்ந்த செவ்வந்தி வாசனை, கூடவே ஈர மண். தாளின் அடியில் ‘ஓகே’. அதற்குக் கீழே சங்கிலிமுத்துவின் கோணல் கையெழுத்து.

ஹாமித் கரெக்டர் அல்லவா... எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மையைப் பார்ப்பார். ஒவ்வொரு வரியும் அழுத்தமாக ஆரம்பித்தது. போகப் போக மை மங்கி, வரி முடிகிற இடத்தில் வெறும் பள்ளம் மட்டும். பேனாவை உதறி உதறி எழுதிய மாதிரி. தாளை வெளிச்சத்தில் சாய்த்தால்தான் படிக்க முடியும். பால்பாயின்ட் பேனா எப்போது அப்படி எழுதும்? மல்லாக்கப் படுத்துக்கொண்டு, தாளை முகத்துக்கு மேலே பிடித்து எழுதினால் அப்படி எழுதும்.

ஓகேவுக்குக் கீழே இரண்டு வரி இருந்தது.

‘பாய், உங்க பக்கம் இப்பிடி வெறிச்சுனு கெடக்கே. நான் எழுதலாமா.’

அதற்கும் கீழே, மை செத்த பள்ளத்தில்: ‘எட்டாவது படிக்கையில கட்டுரைப் போட்டிப் பரிசு வேற பையனுக்குப் போச்சு. ஹாமித் பந்தலுக்குப் பின்னால நின்னு கைதட்டுனாரு. எல்லாரும் நிப்பாட்டுன பெறவும் தட்டுனாரு. உள்ளங்கை செவந்து போச்சு. அவரு அழுதது யாருக்கும் தெரியாது.’

யாருக்கும்தான் தெரியாது. பந்தலுக்குப் பின்னால் அன்றைக்கு ஒருத்தரும் இல்லை. சங்கிலிமுத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவரும் இல்லை.

“பயந்துட்டாரா?” என்று ஆர்த்தி இங்கே குறுக்கிட்டாள்.

“அதாம்மா இல்ல” என்றார் வெள்ளைத்துரை. “பயந்திருந்தா இந்தக் கதையே கெடையாது.”

*

ஹாமித் அழுதார். தன்னைப் பற்றி யாரோ ஒருத்தர் இவ்வளவு கவனமாக எழுதி அவர் பார்த்ததில்லை. சங்கிலிமுத்துவின் பக்கத்தை அன்றைக்கே ஏற்றினார். தன் பக்கத்தில் அந்தக் கட்டுரைப் போட்டி வரிகளைப் பிழை திருத்திச் சேர்த்து, ‘மறைந்த சங்கிலிமுத்து முன்பே அனுப்பி வைத்தது’ என்று ஒரு பொய்யையும் எழுதினார்.

பதில்கள் குவிந்துவிட்டன. ‘பாய், உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கிறாரா!’ ஹாஃபிஸா எழுதியிருந்தாள்: ‘படித்துவிட்டு என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.’ அவளிடமிருந்து ஹாமித்துக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அது.

ருசி கண்டுவிட்டார்.

தன் பக்கத்தையே ப்ரூஃப் எடுத்தார். நாலு ஓரத்திலும் தாராளமாக இடம் விட்டு விஸ்வநத்தத்துக்கு அனுப்பினார். வந்தது. இடமெல்லாம் பள்ளம் பள்ளமாய் எழுத்து. அவர் அத்தா இறந்த அன்று, அழுகிறவர்களுக்கெல்லாம் தந்தி விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் அழ நேரமில்லாமல் போனது... நிக்காஹ் அன்று மனைவி பைரோஜாவின் முகத்தைப் பார்க்காமல், பத்திரிகையில் விழுந்திருந்த ஒரு பிழையையே பார்த்துக்கொண்டிருந்தது... ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘பேனா எழுத மாட்டேங்குது பாய். பென்சில் வையுங்க.’

வைத்தார். சீவி, முனை உடையாமல் பஞ்சு சுற்றி.

பைரோஜா பார்த்துவிட்டாள். “யாருக்குங்க பென்சிலு?”

“ஒரு மெம்பருக்கு.”

“ஒரு பென்சிலு வாங்கக் கூடவா அவுகளுக்கு வக்கில்ல?”

“கடைக்குப் போக முடியாது” என்றார் ஹாமித், பசையைத் தடவிக்கொண்டே.

“நல்ல மெம்பரு. வீட்டுல ஒருத்தி உசுரோட இருக்கேன், எங்கூடப் பேச வாய் வராது. எவனுக்கோ பஞ்சு சுத்திப் பென்சிலு போகுது. ஒரு நாளாச்சும் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கீகளா?”

அவர் காதில் விழவில்லை. அவர் தன் பக்கத்தையும் சங்கிலிமுத்துவின் பக்கத்தையும் அருகருகே வைத்து, எது நீளம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அவன் பக்கம்தான் நீளம். செத்தும் வளர்ந்துகொண்டிருந்தான்.

“மாமா, சும்மா கதை விடாதீங்க” என்று தருண்குமார் சிரித்தான். “அவரே வேற மாதிரி கையெழுத்துல எழுதி அவருக்கே போட்டுக்கிட்டாரு. இதெல்லாம் இன்டர்நெட்ல சாதாரணம்.”

“ஒனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்லே” என்றார் ஜெயச்சந்திரன், இருட்டிலிருந்து.

படியில் உட்கார்ந்திருந்த ஹலீம் அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தார். “அந்தத் தாளு ஒண்ண நான் மோந்து பாத்திருக்கேன் தம்பி.”

அவ்வளவுதான் சொன்னார். தருண்குமாரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆர்த்தி காலை இழுத்து முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள்.

*

ஒரு தடவை கவர் வரத் தாமதமானது. ஹாமித்தால் பொறுக்க முடியவில்லை. பிரஸ்ஸில் பர்மிஷன் போட்டுவிட்டு, புது ப்ரூஃபைக் கையோடு எடுத்துக்கொண்டு விஸ்வநத்தத்துக்குக் கிளம்பினார். அதே உச்சி வெயில், அதே ரோடு.

சங்கிலிமுத்துவின் வீடு பூட்டியிருந்தது. அவர் மனைவி வள்ளித்தாய், காரியம் முடிந்த கையோடு வெம்பக்கோட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பூட்டில் சிலந்தி வலை. வாசலில் கோலம் போட்டு எவ்வளவு காலமோ. எதிரே வேப்பமரத்து நிழலில் தபால்காரர் கண்ணுச்சாமி சைக்கிளை நிறுத்திவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

“இங்கன வர்ற கவரெல்லாம் என்ன செய்யுறீக?” என்று கேட்டார் ஹாமித்.

“திருப்பி அனுப்பத்தான் வேணும் பாய். மொதக் கவரக் கதவுக்குக் கீழ தள்ளிப்புட்டேன், பொண்டாட்டி வந்தா எடுக்கட்டுமேன்னு. மறுக்கா வந்தப்போ குனிஞ்சு பாத்தேன்... இல்ல. அப்பொறம் வர்றதெல்லாம் தள்ளிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிருவேன்.” மோர்ச் சொம்பைக் கவிழ்த்தார். “நீங்கதானா அனுப்புறது? எதுக்குப் பாய்? வேணாம் பாய்.”

அவர் போகிற வரை ஹாமித் காத்திருந்தார். சைக்கிள் செயின் கடகடத்துத் தேய்ந்து மறைந்தது. தெருவில் ஆள் இல்லை. எல்லோரும் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள்.

குனிந்தார். கதவுக்கும் வாசல்படிக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. கவரை வைத்துத் தள்ளினார். பாதி போனது. தாள் அதிகம், கனம். சிக்கிக்கொண்டது. வெளியே பாதி நின்றது.

கையை எடுத்தார்.

மீதிப் பாதி... மெதுவாக... உள்ளே போனது. சரக்... என்று தரையில் தாள் உரசுகிற சத்தம். நின்றது. மறுபடி சரக். முழுவதும் போய்விட்டது. இடைவெளி வழியாக, அந்த வெயிலிலும், குளிர்ந்த காற்று அவர் விரல் நுனியில் பட்டது. செவ்வந்தி வாசனை.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஹாமித் கதவோடு வாயை வைத்து, ரகசியமாகச் சொன்னார்: “அவசரமில்ல சங்கிலி... நெதானமா எழுதுங்க. ஹாஃபிஸா நல்லாருக்குன்னு எழுதியிருக்கா.”

உள்ளே பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது.

*

அதற்குப் பிறகு பக்கம் நீண்டது. மன்றத்தில் இப்போது பேச்செல்லாம் ஹாமித்தைப் பற்றித்தான். ஆனாலும் அவருக்கு நிறையவில்லை. ஏனென்றால், யாராவது ஒருவர் எப்போதும் இப்படி முடித்துவிடுவார்: ‘ஆயிரம் இருந்தாலும் நம்ம சங்கிலி அண்ணன் பக்கம் மாதிரி வராது. படித்து முடிக்கும்போது அழுகை வந்துவிடுகிறது.’

அந்த ‘ஆயிரம் இருந்தாலும்’ அவரைத் தூங்க விடவில்லை. அடுத்த ப்ரூஃபோடு முதல்முறையாகத் தன் கைப்பட ஒரு துண்டுச் சீட்டு வைத்தார். ‘என் பக்கத்தைப் படித்தால் ஏன் யாருக்கும் அழுகை வரவில்லை?’

அந்த ப்ரூஃபுக்கான கவர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தது. அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. வெளியே எங்கோ சரவெடியைச் சோதித்துப் பார்த்தார்கள், படபடவென்று. கவர் கனத்தது. துண்டுச் சீட்டுக்குப் பதில் இல்லை. ஆனால் பக்கத்தின் கடைசியில் புதிதாக ஒரு பகுதி சேர்ந்திருந்தது. பென்சில் எழுத்து. ஒரு பிழை இல்லை. சங்கிலிமுத்துவுக்கு எழுத்து திருந்திவிட்டது.

‘வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு முன்னால், ஹாமித் மேசை மீது தலையைச் சாய்த்தார். பைரோஜா வந்து எழுப்பிப் பார்த்தாள்.’

எந்த வெள்ளிக்கிழமை என்று போட்டிருக்கவில்லை.

அதற்குக் கீழேதான் எல்லாம் இருந்தது. செய்தி வந்ததும் ஹாஃபிஸா துபாயில் அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள். ‘என் வாழ்க்கை எனக்கே இவர் எழுதித் தந்த பிறகுதான் தெரிந்தது. இவரிடம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை’ என்று எழுதினாள். சிங்கப்பூரில் ஒருவன் ஹாமித்தின் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினான். பெங்களூரில் ஒருவர் பஸ் ஏறினார், ஏறும்போதே அழுதார். பைரோஜா அவருடைய சட்டையை மடிக்காமல் வைத்திருந்தாள். ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு பேச்சு. வரிக்கு வரி அவர் பெயர். பக்கம் முடியவே இல்லை... தாளைத் திருப்பினால் பின்புறமும் இருந்தது.

ஹாமித் சிவப்புப் பேனாவை எடுத்தார். கரெக்டர் கை. ஒரு கோடு போதும். அந்த வெள்ளிக்கிழமை வரியை அடித்து, ஓரத்தில் நீக்கு என்று குறித்தால் போதும்.

பேனா வரிக்கு மேல் நின்றது.

அந்த வரியை அடித்தால் அதற்குக் கீழே இருக்கிறதெல்லாம் போய்விடுமே. உயிரோடு இருக்கிறவனுக்கு யார் எழுதுகிறார்கள் இப்படி? ஹாஃபிஸா இந்த வார்த்தையை எழுத வேண்டுமானால், அதற்கு முந்திய வரி நின்றாக வேண்டும்.

தலையிலிருந்து அடி வரை படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகத்தில் தண்ணீர் ஓடியது. பிறகு கடைசித் தாளின் கீழே, சுத்தமான கையெழுத்தில், ‘ஓகே’ என்று எழுதி ‘ஹாமித்’ என்று போட்டார்.

தாள்களை விளிம்பு தட்டி நேராக்கினார். மூன்றாக மடித்தார். கவரில் செருகி, பசை தடவி, ஓரங்களை நகத்தால் தேய்த்து ஒட்டினார். ஸ்டாம்பை நேராக ஒட்டினார்.

“எங்கிட்டுக் கெளம்பிட்டீக? டீ போட்டுட்டேன்” என்றாள் பைரோஜா அடுப்படியிலிருந்து.

“தபாலு ஒண்ணு. போட்டுட்டு வந்துர்றேன்.”

தெருமுனைத் தபால்பெட்டி வெயில் குடித்துச் சுட்டுக்கொண்டிருந்தது. விலாசம் எழுதவில்லை என்பது அங்கே வந்துதான் நினைவு வந்தது. பெட்டியின் தலையிலேயே கவரை வைத்து எழுதினார். பெறுநர்: திரு. சங்கிலிமுத்து, விஸ்வநத்தம். அதற்குக் கீழே, இடது மூலையில், அனுப்புநர்: ஹாமித், மேற்படி வீடு, விஸ்வநத்தம்.

வழக்கம்போல ஒரு முறை படித்துப் பார்த்தார். பிழை ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை.

கவரைப் பெட்டிக்குள் போட்டார்.